மூன்றாவது கம்பி

பிடாரி கோயில் திருவிழாவுக்கு
ஆர்கெஸ்ட்ரா வரவில்லை இந்த வருஷம்.
முன்பணத் தகராறு.
காலியாகிப்போன மூன்றாம் இரவை என்ன செய்வதென்று
ஆலத்தம்பாடி யோசித்து முடிப்பதற்குள்
உத்திராபதி மைக்கைப் பிடித்துவிட்டான்:
கையால் எதையாவது செய்து வைத்திருப்பவர்கள்
ரைஸ்மில் களத்துக்கு எடுத்து வாருங்கள்,
ஓடாவிட்டாலும் பரவாயில்லை.

அந்தக் கடைசி வரிக்காகத்தான்
இத்தனை பேர் வந்திருக்க வேண்டும்.

கூத்தாநல்லூர் ஜபருல்லாவின் கொக்கு விரட்டி
கார் வைப்பர் மோட்டாரில் கை வீசியது.
முதல் வீச்சில் பறந்தது அவர் தொப்பி.
தையல் மெஷின் மிதியை வைத்து
எலி வளைக்குள் புகை ஊதிக் காட்டினார் ஒருவர்;
எலி இல்லை, தலைவர் மேடையிலிருந்து இறங்கி வந்தார்.
நாகை ரெஜினாவிடம் பிஸ்கட் டப்பா.
ஒரு கை நெல்லை அள்ளிப் போட்டால்
ஈரத்துக்குத் தக்கபடி முள் நகரும்.
"பதினேழு தாண்டினா டப்பாவத் தட்டாதீங்க,
நெல்லக் காயவைங்க" என்று
மூடியில் எழுதி ஒட்டியிருந்தாள்.
கொள்முதல் நிலைய எழுத்தர் ஒருவர்
கூட்டத்தோடு கூட்டமாய் நின்று படித்துவிட்டு
சத்தமில்லாமல் பஜ்ஜிக் கடைப் பக்கம் நகர்ந்தார்.

என்னுடையது ஒரு பலகை.
அதில் ஒரு சைக்கிள் மணி,
வைண்டிங் கடையில் நானே சுற்றிய காயில்,
கொஞ்சம் ஒயர்.
மூன்றாவது கம்பியில் கரண்ட் வந்தால் அடிக்கும்.
அவ்வளவுதான்.
இரண்டு கம்பியில் விளக்கெரியும், ஃபேன் சுற்றும்,
டிவியில் அழுகிறவர்கள் அழுவார்கள்.
போர் தண்ணீரைத் தூக்க மூன்றும் வேண்டும்.
மூன்றாவது எப்போது வருமென்று
அனுப்புகிறவனுக்கே தெரியாது.
குறுவை நாற்றங்கால் போட்டவன்
ஒரு கண்ணைத்தான் மூடித் தூங்குவான்.

ஆறிலிருந்து பத்து வரை வரவேயில்லை.
"இப்ப அடிக்காதுங்க" என்று சொல்லிச் சொல்லியே
எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.
பஞ்சுமிட்டாயோடு ஒரு சிறுமி நின்றாள்.
"அடிக்கலன்னா நல்லா இருக்குன்னு அர்த்தமா?"
ஆமாம்மா.
"கெட்டுப்போயிருந்தாலும் அடிக்காதே?"
பஞ்சுமிட்டாயைத் தின்றுகொண்டே போய்விட்டாள்.
நான் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எவர்சில்வர் குடம் ஜபருல்லாவுக்கு.
கடைசி பஸ்ஸை விட்டவர்களெல்லாம்
களத்திலேயே சாக்கு விரித்துப் படுத்தோம்.
பகல் வெயில் இன்னும் சிமெண்டில் மிச்சமிருந்தது.
பலகையைக் கழற்ற அலுப்பாயிருந்தது,
அப்படியே விட்டேன்.

ஒன்று நாற்பது.
மணி.

பதினோரு பேர் கண் திறக்காமலே எழுந்தார்கள்.
ஒருவர் டார்ச்சைத் துழாவினார்,
ஒருவர் பொண்டாட்டி பேரைச் சொல்லிச் சாவி கேட்டார்.
சித்தாய்மூர்க்காரர்
ஜபருல்லாவின் செருப்பை மாட்டிக்கொண்டு
பத்து மைலுக்கு அப்பாலுள்ள தன் வயலுக்கு
ரோடு வரைக்கும் நடந்தே போய்விட்டார்.
சுற்றிலும் இருட்டில்
ஒன்றன்பின் ஒன்றாக மோட்டார்கள் முனகின.
மணி நிற்கவில்லை.

"நிறுத்த சுவிட்ச் எங்க?" என்றாள் ரெஜினா.
வைக்கவில்லை.
எழுப்புவதை மட்டுமே நினைத்திருக்கிறேன்,
எழுந்த பிறகு ஒரு வீடு என்ன செய்யுமென்று
நினைக்கவேயில்லை.
டப்பாவைத் திறந்து தன் சுவிட்சைப் பிடுங்கினாள்.
கைக்கு அகப்பட்ட காலிங்பெல் பொத்தான் ஒன்றையும்
பக்கத்தில் சேர்த்தேன்.
கரண்ட் வராதபோதும் அழுத்தினால்
பேட்டரியில் ஒரு தடவை அடிக்கும்,
கெட்டுப்போகவில்லை என்று சொல்ல.
அந்தச் சிறுமி எந்தத் தெரு என்று
யாரிடம் கேட்பது?

விடியும்போது
திருவிழா நோட்டீஸின் முதுகில்
ஆளாளுக்குப் படம் வரைந்துகொண்டார்கள்.
சித்தாய்மூர்க்காரர், இன்னும் அதே செருப்போடு,
ஒரு கோட்டை இடம் மாற்றிப் போட்டார்.
தப்பென்று பேனாவை வாங்கினேன்.
கொஞ்ச நேரம் பார்த்தேன்.
அப்படியும் அடிக்கும் போலத்தான் இருந்தது.